சொற்செயலி ஆவணத்தில் அட்டவணைகளுக்கிடையே நுண்ணறை மதிப்புகளை இணைத்தல்

கற்றலின் நோக்கங்கள்

இப்பாடத்தைக் கற்றபின் மாணவர்கள்,
• அட்டவணையின் ஒவ்வொரு நுண்ணறைக்கும் உரிய முகவரியை அறிந்துகொள்வர்.
• ஓர் அட்டவணையில் உள்ள மதிப்பை மற்றோர் அட்டவணையில் தோன்றச் செய்யும் வாய்ப்பாட்டை எழுதுவர்.
• லிப்ரே ஆபீஸ் ரைட்டர், மைக்ரோசாஃப்ட் வேர்டு ஆகியவற்றில் இணைப்பு செயல்படும் முறைகளை வேறுபடுத்தி அறிவர்.
• இணைப்புகளில் நேரும் பிழைகளைக் கண்டறிந்து திருத்துவர்.

1. அறிமுகம்

அறிக்கை, வரவு செலவுக் கணக்கு, தேர்ச்சிப் பட்டியல் முதலிய ஆவணங்களில் ஒரே எண் பல இடங்களில் இடம்பெறுவது இயல்பு. இரண்டாம் பக்கத்து அட்டவணையில் கணக்கிடப்பட்ட மொத்தத் தொகை, பத்தாம் பக்கத்துச் சுருக்க அட்டவணையிலும் தோன்றும். அதனை இரண்டு இடங்களிலும் தனித்தனியே தட்டச்சு செய்தால் தொடக்கத்தில் குறை எதுவும் தெரியாது. ஒரு பொருளின் விலை மாறும்போதுதான் சிக்கல் எழுகிறது. முதல் அட்டவணை திருத்தப்படுகிறது. சுருக்க அட்டவணை மறக்கப்படுகிறது. ஒரே அறிக்கையின் இரண்டு பக்கங்கள் இரண்டு வேறு தொகைகளைக் கூறுகின்றன. படிப்பவர் எதை நம்புவது என்று அறியாமல் முழு அறிக்கையையும் ஐயுறுகிறார்.

இக்குறையைத் தவிர்க்கும் வழி எளிது. ஒரு மதிப்பை ஒரே இடத்தில் மட்டும் உள்ளிட வேண்டும். தேவைப்படும் பிற இடங்கள் அனைத்தும் அந்த இடத்திலிருந்தே அதனைப் பெற வேண்டும். மதிப்பு உள்ளிடப்படும் நுண்ணறை மூல நுண்ணறை எனப்படும். அதிலிருந்து மதிப்பைப் பெறும் நுண்ணறை சார்பு நுண்ணறை எனப்படும். இவ்விரண்டையும் பிணைக்கும் வாய்ப்பாடே இணைப்பு ஆகும்.

உங்களுக்குத் தெரியுமா?
நுண்ணறைக்கு முகவரி அளித்து, அம்முகவரியைக் கொண்டு கணக்கிடும் முறையைத் தனிநபர் கணினிப் பயனர்களிடையே பரவச் செய்தது விசிகால்க் என்னும் அட்டவணைச் செயலி ஆகும். டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் ஆகிய இருவரும் உருவாக்கிய இம்மென்பொருள் 1979-ஆம் ஆண்டில் ஆப்பிள் 2 கணினிக்காக வெளியிடப்பட்டது. அட்டவணைச் செயலிகளில் வேரூன்றிய அம்முறை பின்னர்ச் சொற்செயலிகளின் அட்டவணைகளிலும் இடம்பெற்றது.

2. நுண்ணறை முகவரி

அட்டவணையின் நெடுவரிசைகள் இடமிருந்து வலமாக ஆங்கில எழுத்துகளாலும், வரிசைகள் மேலிருந்து கீழாக எண்களாலும் குறிக்கப்படுகின்றன. நெடுவரிசை எழுத்தும் வரிசை எண்ணும் சேர்ந்தது நுண்ணறை முகவரி ஆகும். இரண்டாம் நெடுவரிசையும் மூன்றாம் வரிசையும் சந்திக்கும் நுண்ணறையின் முகவரி பி3 ஆகும்.

அட்டவணைச் செயலியில் இவ்வெழுத்துகளும் எண்களும் தாளின் விளிம்பில் எப்போதும் காணப்படும். சொற்செயலியின் அட்டவணையில் அவை காணப்படுவதில்லை; ஆயினும் முகவரிகள் உண்டு. ரைட்டரில் செருகுமிடத்தை ஒரு நுண்ணறையில் வைத்தால், சாளரத்தின் அடியிலுள்ள நிலைப்பட்டையில் அட்டவணையின் பெயரும் நுண்ணறையின் முகவரியும் தோன்றும்.

தலைப்பு வரிசையும் எண்ணிக்கையில் சேரும் என்பதை மறக்கக் கூடாது. தலைப்பு முதல் வரிசையில் இருப்பின், முதல் தரவு இரண்டாம் வரிசையில் தொடங்குகிறது.

குறிப்பு: இப்பாடத்தில் நெடுவரிசை எழுத்துகள், செயற்கூறுகளின் பெயர்கள், அட்டவணைப் பெயர்கள், விசைகளின் பெயர்கள் ஆகியன தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் முகவரிகளையும் செயற்கூறுகளையும் அட்டவணைப் பெயர்களையும் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

3. எடுத்துக்காட்டு ஆவணம்

ஒரு மேல்நிலைப் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிற்கான செலவு அறிக்கையைத் தயாரிப்பதாகக் கொள்வோம். முகாமுக்கு ஒதுக்கப்பட்ட தொகை ரூ.12,000 ஆகும். அறிக்கையில் மூன்று அட்டவணைகள் உள்ளன.

அட்டவணையின் பெயர்: உணவு

| பொருள் | அளவு | விலை | தொகை |
|---|---|---|---|
| அரிசி (கிலோ) | 50 | 52 | 2600 |
| துவரம்பருப்பு (கிலோ) | 8 | 150 | 1200 |
| காய்கறி (கிலோ) | 60 | 40 | 2400 |
| எண்ணெய் (லிட்டர்) | 6 | 150 | 900 |
| மொத்தம் | | | 7100 |

அட்டவணையின் பெயர்: பயணம்

| விவரம் | தொகை |
|---|---|
| பேருந்துக் கட்டணம் | 1800 |
| சரக்கு வண்டி வாடகை | 1200 |
| மொத்தம் | 3000 |

அட்டவணையின் பெயர்: சுருக்கம்

| விவரம் | தொகை |
|---|---|
| உணவுச் செலவு | 7100 |
| பயணச் செலவு | 3000 |
| மொத்தச் செலவு | 10100 |
| ஒதுக்கீடு | 12000 |
| மீதி | 1900 |

சுருக்க அட்டவணையில் உள்ள ஐந்து தொகைகளுள் தட்டச்சு செய்யப்பட வேண்டியது ஒதுக்கீட்டுத் தொகை ஒன்று மட்டுமே. மற்ற நான்கும் வேறு நுண்ணறைகளிலிருந்து பெறப்பட வேண்டியவை. எந்த எண் மூலம், எந்த எண் சார்பு என்பதை முதலில் பிரித்தறிவதே இணைப்புப் பணியின் முதற்படியாகும்.

4. ரைட்டரில் இணைப்பை உருவாக்குதல்

4.1 அட்டவணைக்குப் பெயரிடுதல்

அட்டவணையைச் செருகும் உரையாடல் பெட்டியிலேயே பெயருக்கான பெட்டி உள்ளது. பெயர் எதுவும் தரப்படவில்லையெனில் ரைட்டர் வரிசை எண்ணுடன் கூடிய ஒரு பெயரைத் தானாகவே அளிக்கும். ஏற்கெனவே உள்ள அட்டவணையின் பெயரை மாற்ற, அட்டவணைப் பண்புகள் உரையாடல் பெட்டியைத் திறக்க வேண்டும். பெயர் சுருக்கமாகவும் இடைவெளியோ புள்ளியோ இன்றியும் அமைய வேண்டும். வாய்ப்பாட்டில் அட்டவணைப் பெயரையும் நுண்ணறை முகவரியையும் புள்ளியே பிரிக்கிறது என்பதால், பெயருக்குள் புள்ளியைத் தவிர்ப்பது நலம். இணைப்புகளை உருவாக்குவதற்கு முன்பே பெயரிட்டு முடிப்பது முறையாகும்.

4.2 அட்டவணைக்குள் கணக்கிடுதல்

உணவு அட்டவணையின் டி2 நுண்ணறையில் செருகுமிடத்தை வைத்து எஃப்2 விசையை அழுத்தினால் வாய்ப்பாட்டுப் பட்டை தோன்றும். அதில் பின்வரும் வாய்ப்பாட்டை உள்ளிட்டு எண்டர் விசையை அழுத்த வேண்டும்.

=<பி2>*<சி2>

ரைட்டரில் நுண்ணறை முகவரிகள் கோண அடைப்புக்குறிகளுக்குள் எழுதப்படுகின்றன. அட்டவணைச் செயலியில் இவ்வடைப்புக்குறி தேவையில்லை என்பதால், அதில் பழகியவர்கள் இங்குத் தவறுவது உண்டு. இதே முறையில் டி3, டி4, டி5 ஆகியவற்றையும் நிரப்பிய பின், டி6 நுண்ணறையில் மொத்தத்தைக் கணக்கிட வேண்டும்.

=சம் <டி2:டி5>

முக்காற்புள்ளி தொடர்ச்சியான வீச்சைக் குறிக்கிறது. தொடர்ச்சியற்ற நுண்ணறைகளைக் கூட்டும்போது அவற்றைச் செங்குத்துக் கோட்டால் பிரிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, அரிசிக்கும் காய்கறிக்கும் ஆன செலவை மட்டும் கூட்டுவதற்கு =சம் <டி2>|<டி4> என எழுதலாம்.

4.3 அட்டவணைகளுக்கிடையே இணைத்தல்

செயல்முறை

படி 1: சுருக்கம் அட்டவணையின் பி2 நுண்ணறையில் செருகுமிடத்தை வைக்க வேண்டும்.
படி 2: எஃப்2 விசையை அழுத்த வேண்டும். வாய்ப்பாட்டுப் பட்டையில் சமக்குறி தோன்றும்.
படி 3: உணவு அட்டவணைக்குச் சென்று, மொத்தத் தொகை உள்ள டி6 நுண்ணறையின் மீது கிளிக் செய்ய வேண்டும். வாய்ப்பாட்டுப் பட்டையில் பின்வருவது தோன்றும்.

=<உணவு.டி6>

படி 4: எண்டர் விசையை அழுத்த வேண்டும். பி2 நுண்ணறையில் 7100 தோன்றும்.

இம்முறையில் முகவரியைத் தட்டச்சு செய்யாமல், சுட்டியால் கிளிக் செய்தே பெறுவதால் எழுத்துப் பிழை நேர்வதில்லை. உள்ளிட்டதைக் கைவிட விரும்பினால் எண்டருக்கு மாற்றாக எஸ்கேப் விசையை அழுத்தலாம்.

சுருக்க அட்டவணையின் ஏனைய நுண்ணறைகளுக்கான வாய்ப்பாடுகள் வருமாறு:

பி3: =<பயணம்.பி4>
பி4: =<பி2>+<பி3>
பி6: =<பி5>-<பி4>

முதல் வாய்ப்பாட்டில் அட்டவணையின் பெயர் உள்ளது. அடுத்த இரண்டிலும் இல்லை. பெயர் குறிப்பிடப்படாத முகவரி, வாய்ப்பாடு இருக்கும் அதே அட்டவணையைக் குறிக்கும்.

4.4 இணைப்பைச் சோதித்தல்

அரிசியின் விலை 52 ரூபாயிலிருந்து 58 ரூபாயாக உயர்ந்ததாகக் கொள்வோம். உணவு அட்டவணையின் சி2 நுண்ணறையில் மட்டும் 58 என மாற்றிவிட்டு எஃப்9 விசையை அழுத்தினால் ஐந்து நுண்ணறைகள் தொடர்ச்சியாக மாறுகின்றன.

உணவு டி2: 2600 → 2900
உணவு டி6: 7100 → 7400
சுருக்கம் பி2: 7100 → 7400
சுருக்கம் பி4: 10100 → 10400
சுருக்கம் பி6: 1900 → 1600

ஓர் எண்ணைத் திருத்துபவர் மீதமுள்ள ஐந்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. இணைப்பு இல்லாத அறிக்கையில் இந்த ஐந்துள் ஒன்று விடுபட்டாலும், இல்லாத 300 ரூபாயை மீதி என நம்பி முகாம் பொறுப்பாளர் செலவு செய்ய நேரும்.

5. வேர்டில் இணைப்பை உருவாக்குதல்

மைக்ரோசாஃப்ட் வேர்டில் வாய்ப்பாடு ஒரு புலமாகச் சேமிக்கப்படுகிறது. புலம் என்பது தன் விடையை மட்டும் திரையில் காட்டி, கட்டளையைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கும் கூறாகும். ஆல்ட் விசையுடன் எஃப்9 விசையை அழுத்தினால் விடைகளுக்குப் பதிலாகக் கட்டளைகள் தெரியும். மீண்டும் அழுத்தினால் விடைகள் தெரியும்.

வேர்டின் வாய்ப்பாட்டில் ஓர் அட்டவணையைச் சுட்டுவதற்கு அதன் மீது புத்தகக்குறி இட வேண்டும்.

செயல்முறை

படி 1: உணவு அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.
படி 2: செருகு தத்தலில் புத்தகக்குறி என்பதைக் கிளிக் செய்து, ஒரு பெயரை உள்ளிட்டுச் சேர்க்க வேண்டும். பெயர் எழுத்தில் தொடங்க வேண்டும், இடைவெளி கூடாது.
படி 3: சுருக்க அட்டவணையின் பி2 நுண்ணறையில் செருகுமிடத்தை வைத்து, அட்டவணைக்குரிய தளவமைப்புத் தத்தலில் வாய்ப்பாடு என்பதைக் கிளிக் செய்ய வேண்டும்.
படி 4: பின்வரும் வாய்ப்பாட்டை உள்ளிட்டுச் சரி பொத்தானைக் கிளிக் செய்ய வேண்டும்.

=சம்(உணவு டி6)

இங்குப் புத்தகக்குறியின் பெயருக்கும் முகவரிக்கும் இடையில் புள்ளி இல்லை. ஓர் இடைவெளி உள்ளது. கோண அடைப்புக்குறியும் இல்லை.

வேர்டின் புலங்கள் மூல மதிப்பு மாறியவுடன் தாமாக மாறுவதில்லை. கன்ட்ரோல் விசையுடன் ஏ விசையை அழுத்தி ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுத்த பின் எஃப்9 விசையை அழுத்த வேண்டும். சுருக்க அட்டவணை ஆவணத்தின் தொடக்கத்தில் இருப்பின் எஃப்9 விசையை இருமுறை அழுத்துவது பாதுகாப்பானது. முதல் முறை விவர அட்டவணைகளின் மொத்தங்கள் புதுப்பிக்கப்படுவதற்கு முன்பே சுருக்கம் கணக்கிடப்பட்டிருக்கக்கூடும்.

6. இரண்டு முறைகளின் ஒப்பீடு

| கூறு | ரைட்டர் | வேர்டு |
|---|---|---|
| அட்டவணையைச் சுட்டுவது | அட்டவணைப் பெயர் | புத்தகக்குறி |
| இணைப்பின் வடிவம் | =<உணவு.டி6> | =சம்(உணவு டி6) |
| வாய்ப்பாட்டைத் தொடங்குதல் | எஃப்2 விசை | தளவமைப்புத் தத்தலின் வாய்ப்பாடு |
| முகவரியைப் பெறுதல் | கிளிக் செய்து பெறலாம் | தட்டச்சு செய்ய வேண்டும் |
| புதுப்பித்தல் | எஃப்9 விசை | தேர்ந்தெடுத்து எஃப்9 விசை |

7. பிழைகளும் தீர்வுகளும்

அ) எண்ணுடன் எழுத்தைச் சேர்த்தல்: அளவு நெடுவரிசையில் "50 கிலோ" என எழுதினால் கணக்கீடு பிழைபடக்கூடும். அலகை முதல் நெடுவரிசையிலோ தலைப்பிலோ எழுதி, கணக்கிடப்படும் நுண்ணறையில் எண்ணை மட்டும் உள்ளிட வேண்டும்.

ஆ) தவறான வாய்ப்பாடு: அடைப்புக்குறி விடுபட்டாலோ, இல்லாத அட்டவணையின் பெயரைச் சுட்டினாலோ, ரைட்டர் விடைக்குப் பதிலாகக் கோவை பிழையானது என்னும் பொருளுடைய செய்தியை நுண்ணறையில் காட்டும்.

இ) சுழல் குறிப்பு: பி4 நுண்ணறை பி6-ஐயும், பி6 நுண்ணறை பி4-ஐயும் சார்ந்திருக்குமாறு எழுதினால் கணக்கீட்டுக்குத் தொடக்கமே இல்லாமற்போகும். சார்பு எப்போதும் மூலத்திலிருந்து சுருக்கத்தை நோக்கி ஒரே திசையில் செல்ல வேண்டும்.

ஈ) தலைப்பில் உள்ள எண்: வேர்டில் மேலுள்ள நுண்ணறைகள் அனைத்தையும் கூட்டுமாறு கட்டளையிடும் வசதி உண்டு. தலைப்பு நுண்ணறையில் 2024 போன்ற ஆண்டு இருப்பின், அதுவும் தொகையாகக் கருதப்பட்டு மொத்தத்துடன் சேர்ந்துவிடும். நெடுவரிசையின் இடையில் வெற்று நுண்ணறை இருந்தாலும் மொத்தம் தவறாகலாம். அதில் 0 என உள்ளிட வேண்டும். வீச்சைத் தெளிவாகக் குறிப்பிட்டால் தலைப்பு எண்ணால் நேரும் பிழையைத் தவிர்க்கலாம்.

உ) புதிய வரிசையைச் செருகுதல்: இது கண்ணுக்குப் புலப்படாத பிழை என்பதால் மிகுந்த கவனம் தேவை. முகாம் செலவில் பால் 20 லிட்டர், விலை 45 ரூபாய், தொகை 900 என்னும் புதிய வரிசையை எண்ணெய்க்கும் மொத்தத்துக்கும் இடையில் செருகுவதாகக் கொள்வோம். பாலின் தொகை டி6 நுண்ணறையிலும் மொத்தம் டி7 நுண்ணறையிலும் அமையும். வேர்டின் வாய்ப்பாட்டில் உள்ள முகவரி வெறும் எழுத்துத் தொடரே என்பதால் அது தானாக மாறாது. சுருக்க அட்டவணை உணவுச் செலவாக 900 ரூபாயைக் காட்டும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. மொத்தத்துக்கான வீச்சும் டி2 முதல் டி5 வரை என்றே இருப்பின், பாலின் தொகை கூட்டலில் சேராது. எந்தச் செயலியாயினும், வரிசையைச் சேர்த்த பின் வீச்சையும் இணைப்பையும் ஒருமுறை சரிபார்ப்பது கட்டாயமாகும்.

ஊ) நுண்ணறைகளை இணைத்தலும் பிரித்தலும்: அழகுக்காக நுண்ணறைகளை ஒன்றாக்கினாலோ பிரித்தாலோ முகவரிகள் மாறக்கூடும். இணைப்பில் பங்கேற்கும் அட்டவணைகளில் இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

உங்களுக்குத் தெரியுமா?
வீச்சு முழுமையாக இல்லாததால் நேர்ந்த பிழை ஒன்று உலக அளவில் பேசப்பட்டது. பொருளியல் அறிஞர்களான கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகியோர் அரசுகளின் கடனுக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு குறித்து 2010-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்களது அட்டவணைச் செயலிக் கோப்பில், 30 முதல் 49 வரையிலான வரிசைகளுக்குச் சராசரி காண வேண்டிய வாய்ப்பாடு 44-ஆம் வரிசையோடு நின்றிருந்தது. அதனால் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் சராசரியில் சேராமல் விடுபட்டன. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ன்டன், அக்கணக்கை மீண்டும் செய்து பார்க்கும் முயற்சியில் இதனைக் கண்டறிந்தார். அவர் தம் ஆசிரியர்களுடன் இணைந்து 2013-ஆம் ஆண்டில் இதனையும் வேறு சில குறைகளையும் வெளியிட்டார். கட்டுரையாளர்கள் அட்டவணைப் பிழையை ஒப்புக்கொண்டனர். தங்கள் அடிப்படை முடிவு மாறவில்லை என்றும் வாதிட்டனர். வாய்ப்பாடு இருப்பதாலேயே விடை சரியாகிவிடாது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

8. எழுத்துத் தரவை இணைத்தல்

மேற்கூறிய வாய்ப்பாடுகள் எண்களுக்கு உரியவை. முகாம் நடைபெறும் ஊரின் பெயர் போன்ற எழுத்துத் தரவைப் பல இடங்களில் தோன்றச் செய்வதற்குக் குறுக்குக் குறிப்பு என்னும் வசதி பயன்படுகிறது. மூல நுண்ணறையில் உள்ள சொல்லைத் தேர்ந்தெடுத்துப் புத்தகக்குறி இட வேண்டும். பின்னர்த் தேவையான இடத்தில் அப்புத்தகக்குறிக்கான குறுக்குக் குறிப்பைச் செருகி, குறிப்பிடப்பட்ட உரை தோன்றுமாறு தேர்ந்தெடுக்க வேண்டும். ரைட்டர், வேர்டு ஆகிய இரண்டிலும் இம்முறை உண்டு. மூலச் சொல்லைத் திருத்தும்போது புத்தகக்குறியும் சேர்ந்து அழிந்துவிடாதவாறு, அதன் எல்லைக்குள்ளேயே திருத்தம் செய்ய வேண்டும்.

9. எங்கு எதைப் பயன்படுத்துவது?

இரண்டு மூன்று சிறிய அட்டவணைகளும் சில கூட்டல்களும் உள்ள அறிக்கைக்குச் சொற்செயலியின் இணைப்பே போதுமானது. ஆவணம் ஒரே கோப்பாக இருப்பதால் அதனைப் பிறருக்கு அனுப்புவதும் எளிது. நூற்றுக்கணக்கான வரிசைகளும் பல நிலைக் கணக்கீடுகளும் இருப்பின் அட்டவணைச் செயலியே ஏற்றது. அத்தகைய சூழலில் கணக்கீட்டை அட்டவணைச் செயலியில் முடித்து, விடைகளைச் சிறப்பு ஒட்டுதல் கட்டளையின் மூலம் இணைப்பாக ஆவணத்தில் ஒட்டலாம். ஆனால் ஆவணத்தை அனுப்பும்போது மூலக் கோப்பையும் உடன் அனுப்பாவிட்டால், பெறுபவரால் அந்த இணைப்பைப் புதுப்பிக்க இயலாது.

எந்த முறையைத் தேர்ந்தாலும் இறுதிச் சரிபார்ப்பு மனிதரின் பணியே. அச்சிடும் முன் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒரு மூல மதிப்பை மாற்றிப் பார்த்து, அம்மாற்றம் சுருக்கத்தைச் சென்றடைகிறதா என்று காண வேண்டும். பின்னர் உரிய மதிப்பை மீட்க வேண்டும். மொத்தங்களுள் ஒன்றையேனும் தாளில் கூட்டி ஒப்பிட வேண்டும்.

நினைவில் கொள்க
• ஒரு மதிப்பு ஒரே இடத்தில் மட்டும் உள்ளிடப்பட வேண்டும். பிற இடங்கள் அதனை இணைப்பால் பெற வேண்டும்.
• ரைட்டரில் அட்டவணைப் பெயரும், வேர்டில் புத்தகக்குறியும் அட்டவணையைச் சுட்டுகின்றன.
• வாய்ப்பாட்டுப் பட்டையைத் திறக்க எஃப்2, புதுப்பிக்க எஃப்9 விசைகள் பயன்படுகின்றன.
• வரிசையைச் சேர்த்தாலோ நீக்கினாலோ வீச்சையும் இணைப்பையும் சரிபார்க்க வேண்டும்.

மதிப்பீடு

பகுதி அ: சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.

1. ரைட்டரில் பயணம் என்னும் அட்டவணையின் பி4 நுண்ணறையைச் சுட்டும் வாய்ப்பாடு எது?
(அ) =பயணம்(பி4) (ஆ) =<பயணம்.பி4> (இ) =<பி4.பயணம்> (ஈ) =பயணம்:பி4

2. வேர்டில் புலங்களின் கட்டளைகளைத் திரையில் காண உதவும் விசைச் சேர்க்கை எது?
(அ) ஆல்ட் + எஃப்9 (ஆ) கன்ட்ரோல் + ஏ (இ) எஃப்2 (ஈ) எஸ்கேப்

பகுதி ஆ: குறுகிய விடை தருக.

3. மூல நுண்ணறை, சார்பு நுண்ணறை ஆகியவற்றை வேறுபடுத்துக.
4. அட்டவணையின் பெயரில் புள்ளியைத் தவிர்ப்பது ஏன் நலம்?
5. சுழல் குறிப்பு என்றால் என்ன?

பகுதி இ: விரிவான விடை தருக.

6. அரிசியின் விலை 58 ரூபாயாக உள்ள நிலையில், பேருந்துக் கட்டணம் 2100 ரூபாயாக உயர்ந்தால் எந்தெந்த நுண்ணறைகள் மாறும்? அவற்றின் புதிய மதிப்புகளைக் கணக்கிட்டு எழுதுக.
7. அட்டவணையின் இடையில் புதிய வரிசையைச் செருகுவதால் நேரக்கூடிய பிழைகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

செயல்பாடு

வகுப்பு மாணவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிந்து, பள்ளி ஆண்டு விழாவுக்கான செலவு அறிக்கையை உருவாக்குக. மேடை, ஒலி அமைப்பு, பரிசுப் பொருள்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனி அட்டவணைகளும், அவற்றை இணைக்கும் சுருக்க அட்டவணையும் அமைக்க. ஒரு குழு உருவாக்கிய ஆவணத்தில் மற்றொரு குழு ஒரு மூல மதிப்பை மாற்றி, சுருக்கம் சரியாக மாறுகிறதா எனச் சோதித்து, கண்டறிந்த பிழைகளைப் பட்டியலிடுக.